ஈறு ஒட்டு அறுவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈறு நோய் சிகிச்சைதான் என் அன்றாட வேலை. ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் இடத்தில் வேறு திசுவை வைத்துத் தைப்பதை ஒட்டு என்கிறோம். "ஒட்டு போட வேண்டியிருக்கலாம்" என்று சொன்னதும் வரும் கேள்விகள் ஏறக்குறைய எல்லோரிடமும் ஒன்றேதான். நாற்காலியில் இருக்கும்போது பாதி வரும், வாசல் வரை போய்த் திரும்பி வந்து மீதியைக் கேட்பார்கள். அவற்றைக் கேட்ட நடையிலேயே தொகுத்திருக்கிறேன். உங்கள் வாயைப் பார்க்காமல் எழுதியது இது. உங்கள் பல்லுக்கு எது பொருந்தும் என்பதைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்ல முடியும்.

ஈறு இறங்குதுன்னா என்ன? பல்லு கொஞ்சம் நீளமாத் தெரியுது, அவ்வளவுதானே?

பல் நீளவில்லை, ஈறு விலகியிருக்கிறது. வாயில் தெரியும் பல்லின் மேல் எனாமல் போர்த்தியிருக்கும். அந்த எனாமல் முடிந்து வேர் தொடங்கும் கோட்டை ஈறின் விளிம்பு மூடியிருக்க வேண்டும். விளிம்பு அந்தக் கோட்டைத் தாண்டி வேர்ப்பக்கம் நகர்ந்துவிட்டால் அதை ஈறு இறக்கம் என்கிறோம். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடியில் பாருங்கள். வெள்ளை முடிந்த இடத்தில் சற்று மஞ்சளாக ஒரு பட்டை தெரிந்தால் அது வேர்.

வேர் வெளியே இருப்பதற்கென்று உருவானதல்ல. அதன் மேலிருக்கும் சிமெண்டம் என்ற மெல்லிய படலம் சீக்கிரம் தேய்ந்துவிடும். அடியிலுள்ள டென்டின் என்ற அடுக்கில் பல்லின் நரம்பை நோக்கிப் போகும் நுண்குழாய்கள் ஏராளம். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அந்தக் குழாய்களுக்குள் இருக்கும் திரவம் அசைகிறது, சுளீரென்று கூசுகிறது. சொத்தையும் இங்கே எளிதில் பிடிக்கும். எனாமல் கரைய வாயின் பிஹெச் (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) 5.5 அளவுக்கு இறங்க வேண்டும், வேரோ 6-க்கு மேல் இருக்கும்போதே கரையத் தொடங்கிவிடும்.

எனக்கு ஏன் இறங்குச்சு? நான் தினமும் ரெண்டு வேளை நல்லா அழுத்தித் தேய்க்கிறேனே!

அந்த "நல்லா அழுத்தி"தான் பலருக்குக் காரணம். பிரஷைக் கைப்பிடியாக இறுக்கிப் பிடித்து, ரம்பம் அறுப்பது போலக் குறுக்கே இழுப்பவர்களுக்கு முன்பற்களை அடுத்த கோரைப்பல்லிலும் அதற்குப் பின்னாலுள்ள முன்கடைவாய்ப் பற்களிலும் ஈறு இறங்கியிருக்கும். வலது கைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம் கூடுதலாக இருக்கும். வாயின் மற்ற இடங்கள் பளிச்சென்று இருக்கும், ஈறில் வீக்கமே இருக்காது. அத்தனை சுத்தமான வாயில் வேர் மட்டும் வெளியே தெரிந்தால் முதலில் நான் பார்ப்பது அவர் கொண்டுவந்திருக்கும் பிரஷைத்தான்.

இரண்டாவது பெரிய காரணம் ஈறு நோய். பற்காரையும் கிருமிப் படலமும் சேர்ந்து, அடியிலிருக்கும் எலும்பு கரைந்து, எலும்போடு ஈறும் இறங்குகிறது. இவை தவிர, பிறவியிலேயே ஈறு மெல்லியதாக இருப்பது, பல் வரிசையை விட்டு வெளியே தள்ளி நிற்பது, உதட்டை ஈறோடு இணைக்கும் தசைநார் விளிம்புக்கு மிக அருகில் ஒட்டியிருப்பது, புகையிலையை ஒரே இடத்தில் அடக்கிவைப்பது, உதட்டிலோ நாக்கிலோ குத்திய வளையம் உரசுவது, ஈறுக்கடியில் போய் உட்கார்ந்த கேப் ஆகியவையும் உண்டு. பெரும்பாலும் ஒருவரிடம் இரண்டு காரணங்கள் கைகோத்துக்கொள்கின்றன. மெல்லிய ஈறுள்ளவர் முரட்டுப் பிரஷ் போடும்போது வரும் இறக்கம் தடித்த ஈறுள்ளவருக்கு அவ்வளவு எளிதில் வராது.

ஸ்கேலிங் பண்ணினதுலேருந்துதான் ஈறு இறங்குச்சு. பண்ணாமலே இருந்திருக்கலாமோ?

இந்தப் பழி ஸ்கேலிங் மேல் விழாத நாளே இல்லை. நடப்பது இதுதான். காரை சேர்ந்த இடத்தில் ஈறு வீங்கி, உள்ளே எலும்பு கரைந்திருப்பதை மறைத்துக்கொண்டிருக்கும். பற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் காரையே அடைத்துக்கொண்டிருக்கும். சுத்தம் செய்ததும் காரை போகிறது, சில வாரங்களில் வீக்கம் வடிகிறது, அதுவரை மறைந்திருந்த வேர் வெளியே தெரிகிறது. இழப்பு முன்பே நடந்துவிட்டது. ஸ்கேலிங் திரையை விலக்கியது, அவ்வளவே.

காரையை அப்படியே விட்டிருந்தால் இடைவெளி தெரிந்திருக்காது என்பது உண்மை. எலும்பு மட்டும் தொடர்ந்து போயிருக்கும்.

இறங்கின ஈறு தானா வளருமா? ஜெல், பேஸ்ட், மாத்திரை ஏதாவது?

வளராது. எந்தப் பேஸ்ட்டும் ஜெல்லும் வேரின் மேல் ஈறை ஏற்றிவிடாது. விளம்பரத்தில் "ஈறை மீட்கும்" என்று போட்டிருந்தால், வீங்கிய ஈறின் வீக்கம் குறையும் என்று வாசித்துக்கொள்ளுங்கள். கூச்சத்துக்கான பேஸ்ட் வேறு கதை. அதிலுள்ள பொட்டாசியம் நைட்ரேட் நரம்பின் துடிப்பை அடக்கும், ஸ்டானஸ் ஃபுளூரைடு நுண்குழாய்களின் வாயை அடைக்கும். இரண்டு முதல் நான்கு வாரம் விடாமல் பயன்படுத்தினால் பலன் தெரியும். கூச்சம் குறைந்ததால் ஈறு ஏறிவிட்டதென்று அர்த்தமில்லை.

அப்போ இறங்கினவங்க எல்லாருக்கும் ஆபரேஷன்தானா? எத்தனை மில்லிமீட்டர் இறங்கினா செய்யணும்?

இல்லை. மில்லிமீட்டர் கணக்கில் ஒரே கோடு போட முடியாது. பல வருடங்களாக 2 மி.மீ. இறங்கி அங்கேயே நிற்கிறது, கூச்சமில்லை, சொத்தையில்லை, பார்க்கவும் உறுத்தவில்லை என்றால் பிரஷ் போடும் முறையைத் திருத்திவிட்டு அளந்து குறித்துவைப்பேன். 6 மாதம் கழித்து மறுபடியும் அதே அளவுகோலால் அளந்து, பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைவிட இன்னும் இறங்குகிறதா என்பதே எனக்கு முக்கியம்.

அறுவையைப் பற்றிப் பேசத் தொடங்கும் சந்தர்ப்பங்கள் சில. அளக்க அளக்க இறக்கம் கூடுகிறது. பேஸ்ட்டுக்கும், மருத்துவர் பல்லில் பூசிவிடும் வார்னிஷுக்கும் அடங்காத கூச்சம். சிரிக்கும்போது வேர் தெரிந்து மனம் கஷ்டப்படுகிறது (இதுவும் நியாயமான காரணம்தான், கூச்சப்பட்டுக்கொண்டு மறைக்காதீர்கள்). பல்லைச் சுற்றி உறுதியான ஈறே மிச்சமில்லாமல், உதட்டோடு சேர்ந்து அசையும் மென்தோல் மட்டும் இருக்கிறது. இந்தக் கடைசி நிலையை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கீழுதட்டை மெதுவாக முன்னால் இழுங்கள். பல்லையொட்டிய ஈறின் விளிம்பு வெளுத்து, உதட்டோடு சேர்ந்து அசைந்தால் அதைப் பரிசோதனையில் காட்ட வேண்டும். பிரஷ் பட்டாலே அங்கே வலிக்கும், வலிப்பதால் தேய்க்காமல் விடுவீர்கள், படலம் சேரும், மேலும் இறங்கும்.

ஒட்டு போடறதுன்னா எங்கேயிருந்து எதை எடுத்து எங்கே ஒட்டுவீங்க?

பெரும்பாலும் உங்கள் மேல் அண்ணத்திலிருந்துதான். கோரைப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடையே, பற்களிலிருந்து சற்றுத் தள்ளி உள்ளே. அண்ணத்தின் பின்புறத்திலிருந்து முன்னோக்கி ஒரு ரத்தநாளம் ஓடுகிறது, அதைத் தொடாத அகலத்தில் எடுப்போம்.

எடுக்கும் முறை இரண்டு. 1960-களிலிருந்து புழங்கும் பழைய முறையில், மேல்தோலோடு சேர்த்து ஒரு சிறு பட்டையை எடுத்து இறங்கிய இடத்தில் வைத்துத் தைப்போம். உறுதியான ஈறை உருவாக்க, முக்கியமாகக் கீழ் முன்பற்களில், இது இன்றும் நல்ல முறை. ஆனால் அந்த இடம் பக்கத்து ஈறைவிட வெளிறிப்போய் ஒட்டுப்போட்டது அப்பட்டமாகத் தெரியும், எடுத்த இடமும் திறந்த புண்ணாக ஆறும். இரண்டாவது முறை 1985-இல் வந்தது. அண்ணத்தின் மேல்தோலைக் கதவு போலத் திறந்து, அடியிலுள்ள இணைப்புத் திசுவை மட்டும் 1 முதல் 1.5 மி.மீ. தடிமனில் எடுத்துவிட்டுக் கதவை மூடித் தைத்துவிடுவோம். எடுத்த திசுவை வேரின் மேல் வைத்து, அங்கிருக்கும் ஈறையே தளர்த்தி மேலே இழுத்து அதன்மேல் போர்த்துவோம். ஒட்டுக்கு வேர்ப்பக்கம் ரத்தம் கிடைக்காது, மேலிருக்கும் ஈறிலிருந்தும் பக்கங்களிலிருந்தும்தான் கிடைக்க வேண்டும். அதனால்தான் இந்தப் போர்வை. நிறமும் பக்கத்து ஈறோடு பொருந்திப்போகும். வேரை மூடுவதுதான் நோக்கம் என்றால் இன்று இதுவே முதல் தேர்வு.

பக்கத்தில் தாராளமாக ஈறு இருந்தால் வேறெங்கிருந்தும் எடுக்காமல், அதையே நகர்த்தி மூடுவதும் உண்டு. ஈறைக் கிழிக்காமல் அடியில் சுரங்கம் போலத் தளர்த்தி, பல பற்களுக்கு ஒரே ஒட்டை உள்ளே இழுத்துவிடும் முறையும் இருக்கிறது.

அண்ணத்தை வெட்டவே வேணாம். வேற வழி இருக்கா?

இருக்கிறது. தானமாகப் பெற்ற மனிதத் தோலிலிருந்து செல்களையெல்லாம் நீக்கிப் பதப்படுத்திய பட்டை, விலங்குகளிலிருந்து எடுத்த கொலாஜன் பட்டை, பன்றிக்குட்டிகளின் வளரும் பல்லிலிருந்து பிரித்தெடுத்த புரதக் குழம்பு ஆகியவை பயன்பாட்டில் இருக்கின்றன. எந்த உயிரிலிருந்து வந்தது என்பது சிலருக்கு நம்பிக்கை சார்ந்த விஷயம். தயங்காமல் முன்கூட்டியே கேளுங்கள். சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

இரண்டாவது புண் இல்லை, எடுக்கும் அளவுக்கு எல்லையும் இல்லை. பல பற்களை ஒரே நாளில் செய்ய வேண்டியிருந்தால் இவை கைகொடுக்கும். ஆனாலும் வேரை மூடுவதிலும் வருடங்கள் கழித்து நிலைத்திருப்பதிலும் சொந்தத் திசுவை இவை மிஞ்சியதில்லை. ஒன்றிரண்டு பல் என்றால் நான் அண்ணத்தைத்தான் பரிந்துரைப்பேன்.

லேசர்ல பண்ணினா வெட்டு, தையல் எதுவுமே இல்லையாமே?

லேசர் வெட்டும், ரத்தத்தை உறையவைக்கும். இல்லாத திசுவை உண்டாக்காது. வேரை மூட வேண்டுமானால் எங்கிருந்தாவது திசு வந்தாக வேண்டும். நீங்கள் கேள்விப்பட்டது 2012-இல் வெளியான ஊசித்துளை முறையாகவும் இருக்கலாம். ஒரு சிறு துளை வழியே ஈறை உள்ளிருந்து தளர்த்தி நகர்த்தி, கொலாஜன் துண்டுகளால் முட்டுக்கொடுப்பார்கள். நகர்த்துவதற்குப் போதிய ஈறு இருப்பவர்களுக்கு அது பொருந்தும். ஈறே மெல்லியதாக இருந்தால் மெல்லிய ஈறுதான் நகரும்.

வேர் முழுசா மூடிடுமா? உத்தரவாதம் தருவீங்களா?

உத்தரவாதம் தருபவரிடம் போகாதீர்கள். ஆனால் முன்கூட்டியே ஓரளவு கணிக்க முடியும். கணிப்புக்கு அடிப்படை, இறங்கிய இடத்தைவிடப் பல்லின் இரு பக்கங்களிலுமுள்ள இடைவெளி. அங்கே எலும்பும் ஈறும் அப்படியே இருந்தால் முழு வேரும் மூட நல்ல வாய்ப்பு உண்டு. பக்கங்களிலும் கொஞ்சம் இழப்பு இருந்தால், ஆனால் அது முன்புற இழப்பைவிடக் குறைவாக இருந்தால், ஒரு பகுதி மூடும், சிலருக்கு முழுதாகவும் மூடலாம். பக்கங்களிலுள்ள இழப்பு முன்புறத்தைவிட அதிகமென்றால் முழுதாக மூடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 2011-இல் வந்த வகைப்பாடு இந்த மூன்று நிலைகளைத்தான் 1, 2, 3 என்று எண்ணிடுகிறது. உங்கள் கோப்பில் எந்த எண் எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதாவது, முரட்டுப் பிரஷால் இறங்கிய ஈறு பெரும்பாலும் நன்றாக மூடும், ஈறு நோயால் இறங்கியது அவ்வளவாக மூடாது. பல் வெளியே தள்ளி நின்றாலோ திரும்பியிருந்தாலோ மூடும் வாய்ப்பு மேலும் குறையும். புகைப்பவர்களுக்கு ரத்தநாளங்கள் சுருங்கியே இருப்பதால் மூடும் அளவு தெளிவாகவே குறைகிறது.

ஊசி, வெட்டு, தையல்... ரொம்ப வலிக்குமா?

செய்யும்போது வலிக்காது. இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போதும். அண்ணத்தில் போடும் ஊசி மட்டும் உறைக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. ஒன்றிரண்டு பல்லுக்கு 1 முதல் 1½ மணி நேரம் ஆகும்.

பிறகு வருகிற வலியில் பெரும்பங்கு ஒட்டு வைத்த இடத்தில் இருக்காது, எடுத்த இடத்தில்தான். மேல்தோலோடு எடுத்திருந்தால், கொதிக்கிற பானத்தைக் குடித்து அண்ணம் வெந்துபோனது போன்ற எரிச்சல் ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம் இருக்கும். கதவு திறந்து எடுத்த முறையில் இது குறைவு. அண்ணத்தை மூடி உட்காரும் மெல்லிய பிளாஸ்டிக் தட்டு ஒன்றை அறுவைக்கு முன்பே அளவெடுத்துச் செய்துவைத்தால் சாப்பிடவும் பேசவும் பெரிய நிம்மதி. உங்கள் மருத்துவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்னாடி நான் என்ன தயார் பண்ணிக்கணும்?

முதல் தயாரிப்பு, இறங்கியதற்கான காரணத்தை நிறுத்துவது. பிரஷ் முறை மாறாமல், ஈறு நோய் அடங்காமல் ஒட்டு போட்டால் அந்த ஒட்டும் அதே வழியில் போகும். அதனால்தான் முதல் சந்திப்பிலேயே தேதி தராமல் சில வாரம் இழுக்கிறேன்.

சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள். அதைக் கொடுத்த மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டாலும் சொல்ல வேண்டும், அவற்றில் சில தாடை எலும்பு ஆறுவதைப் பாதிக்கக்கூடியவை. சர்க்கரை இருந்தால் அன்றைய காலை அளவைவிட மூன்று மாதச் சராசரிதான் எங்களுக்குப் பயன்படும். கட்டுக்குள் இல்லையென்றால் தள்ளிப்போடுவோம். கர்ப்பமாக இருந்தால் பிரசவத்துக்குப் பிறகு செய்யலாம், இது அவசர அறுவை அல்ல. புகையை எத்தனை வாரம் முன்பே நிறுத்த முடியுமோ அத்தனையும் நல்லது. முடியாதென்றால் அதையும் உண்மையாகச் சொல்லுங்கள், திட்டத்தை மாற்றிக்கொள்வோம்.

முதல் வாரம் எப்படி இருக்கணும்? வேலைக்குப் போகலாமா?

உட்கார்ந்து செய்யும் வேலையென்றால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ போகலாம். நாள் முழுக்கப் பேச வேண்டிய வேலையென்றால் கூடுதலாக விடுப்பு எடுங்கள், பேசும்போது உதடு ஒட்டை இழுக்கிறது. பளு தூக்குதல், ஓட்டம் ஒரு வாரமாவது வேண்டாம். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் வடியும். முதல் நாள் கன்னத்தின் வெளிப்புறத்தில் இடைவெளி விட்டு விட்டுக் குளிர் ஒத்தடம் கொடுங்கள்.

சாப்பாடு மெத்தென்று, ஆறி, காரமில்லாமல், மறுபக்கத்தில் மெல்லும்படி இருக்கட்டும். உறிஞ்சு குழல் வேண்டாம், ஓங்கித் துப்பவும் வேண்டாம், வாயில் உண்டாகும் இழுப்பு ரத்தக் கட்டியைப் பெயர்த்துவிடும். மற்றபடி எழுதிக்கொடுத்த மருந்தைச் சரியாகச் சாப்பிட்டால் போதும். வலிக்கிறதென்று வீட்டில் கிடக்கும் ஆஸ்பிரினை நீங்களாகப் போட்டுக்கொள்ள வேண்டாம், கசிவு கூடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. உதட்டைத் தூக்கிப் பார்க்காதீர்கள். வீட்டிலுள்ளவர்களுக்குக் காட்டவும் வேண்டாம், செல்ஃபி எடுக்கவும் வேண்டாம். ஒட்டு முதல் இரண்டு மூன்று நாள் சுற்றியுள்ள திரவத்தை உறிஞ்சித்தான் உயிர்பிழைக்கிறது. அதன்பின்தான் நுண்ணிய ரத்தநாளங்கள் அதற்குள் வளர்ந்து இணைகின்றன. அந்த நேரத்தில் அரை மில்லிமீட்டர் அசைந்தாலும் வளர்ந்த நாளங்கள் அறுந்துபோகும்.

அஞ்சாவது நாள் பார்த்தா வெள்ளையா, பிசுபிசுன்னு இருக்கு. அழுகிப்போச்சா?

(பார்க்க வேண்டாம் என்று இப்போதுதானே சொன்னேன்.) பெரும்பாலும் இல்லை. மேல்தோலோடு வைத்த ஒட்டில் அந்த மேல்தோல் உதிர்ந்துதான் ஆகும். முதல் வாரத்தில் அது வெளிறி, ஈரக் காகிதம் போலச் சாம்பல் வெள்ளையாகப் பிரியும். அடியில் இளஞ்சிவப்பு தெரியத் தொடங்கும், இரண்டாவது வாரத்தில் புதுத் தோல் மூடும். அண்ணத்தில் தெரியும் மஞ்சள் கலந்த வெள்ளைப் படலமும் ஆறுகிற புண்ணின் பொருக்குதான், வாய் ஈரமாக இருப்பதால் அது காய்வதில்லை. சுரண்டி எடுக்காதீர்கள்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. மூன்று நான்கு நாளுக்குப் பிறகு குறைய வேண்டிய வலி கூடுகிறது, காய்ச்சல் வருகிறது, சீழ் வருகிறது, ஒட்டு முழுதாக ஆடுகிறது. இவற்றில் எது இருந்தாலும் தையல் பிரிக்கும் தேதிவரை காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள். ஒட்டு இறந்துபோவதும் எப்போதாவது நடக்கத்தான் செய்கிறது. அப்போது அந்தத் திசுவை நீக்கிவிட்டு, இடம் ஆற சில மாதம் விட்டு, மறுபடியும் செய்ய முடியுமா என்று பார்ப்போம்.

ராத்திரி தலையணையில ரத்தம். என்ன பண்ணட்டும்?

எச்சிலில் கலந்த இளஞ்சிவப்புக் கசிவு முதல் நாள் இயல்புதான். சிவப்பாகச் சொட்டிக்கொண்டே இருந்தால் அது அநேகமாக அண்ணத்திலிருந்து. எழுந்து உட்காருங்கள். சுத்தமான துணியை நனைத்து மடித்து அந்த இடத்தில் விரலால் அழுத்திப் பிடியுங்கள், கடிகாரம் பார்த்து 20 நிமிடம். நின்றுவிட்டதா என்று இடையிடையே எடுத்துப் பார்த்தால் உறைந்ததும் பெயர்ந்துவரும். கொப்பளிக்காதீர்கள். 20 நிமிடம் கழித்தும் நிற்கவில்லையென்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள், கிடைக்கவில்லையென்றால் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எப்போ பிரஷ் பண்ணலாம்? அதுவரைக்கும் வாய் நாறாதா?

மற்ற பற்களை மறுநாளிலிருந்தே தேய்க்கலாம். ஒட்டு வைத்த இடத்தை மட்டும் 2 முதல் 4 வாரம் தொடக்கூடாது. தையல் பெரும்பாலும் 10 முதல் 14 நாளில் வெளியே வரும். அதுவரை குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ் அங்கே பிரஷின் வேலையைச் செய்கிறது. அதை வாயில் வைத்திருந்து தலையைச் சாய்த்து மெதுவாக வழியவிடுங்கள், குலுக்கிக் கொப்பளிக்க வேண்டாம். பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மாறும். இரண்டும் தற்காலிகம்தான், கறையைப் பிறகு பாலிஷ் செய்து எடுத்துவிடலாம்.

மறுபடியும் தொடங்கும்போது மிக மென்மையான பிரஷ். கைப்பிடியாக இறுக்காமல் பேனா பிடிப்பது போல விரல்களால் பிடித்து, ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கி ஒரே திசையில் உருட்டுங்கள்.

பல் கூச்சம் போயிடும்தானே? அதுக்காகத்தான் பண்ணிக்கிறேன்.

குறைய நல்ல வாய்ப்பிருக்கிறது. ஆனால் அதற்காக மட்டும் என்றால் முதலில் பேஸ்ட், வார்னிஷ், பூச்சு மூன்றையும் முயன்று பாருங்கள். அறுவைக்குப் பிறகு முதல் சில வாரம் கூச்சம் தற்காலிகமாகக் கூடுவதும் உண்டு. வேர் முழுதாக மூடாதவர்களுக்கு மூடாத பகுதி கூசிக்கொண்டிருக்கலாம். கூச்சத்துக்குக் காரணம் பல்லில் விரிசலோ சொத்தையோ என்றால் ஒட்டு எதையும் மாற்றாது, அதை முன்பே பரிசோதித்து விலக்கிவிட வேண்டும்.

ஈறோரமா பல்லு பள்ளம் விழுந்திருக்கு. ஃபில்லிங் பண்ணிட்டா ஆபரேஷன் வேணாம்னு சொல்றாங்களே?

பள்ளம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எனாமலில் இருந்தால் ஃபில்லிங்தான் சரி, எனாமல் மேல் ஈறு ஒட்டாது. முழுக்க வேரில் இருந்தால் ஃபில்லிங் பொருள் வேரின் நிறத்தில் நீளமான பல்லையே தரும், அங்கே ஒட்டு அழகாகவும் இருக்கும், மெல்லிய ஈறைத் தடிப்பாகவும் ஆக்கும். பாதி எனாமல் பாதி வேர் என்ற கலவைதான் அதிகம். அதற்கு எனாமல் பகுதிக்கு ஃபில்லிங்கும் வேர்ப்பகுதிக்கு ஒட்டும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். ஃபில்லிங் எங்கே முடிய வேண்டும் என்பதை ஈறு மருத்துவரும் பல் மருத்துவரும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். வேர் முழுவதும் ஏற்கெனவே ஃபில்லிங் போட்டாயிற்று என்றால், ஒட்டு போடும்போது வேர்ப்பகுதியிலிருந்து அதை எடுக்க வேண்டியிருக்கலாம்.

ரெண்டு பல்லுக்கு நடுவுல கறுப்பா முக்கோணமாத் தெரியுது. அதையும் ஒட்டு போட்டு மூடிடலாமா?

என் வேலையிலேயே மிகவும் ஏமாற்றம் தரும் பதில் இது. நம்பிச் சொல்லக்கூடிய முறை இன்னும் இல்லை. பற்களுக்கு நடுவிலுள்ள ஈறு முனை அடியிலிருக்கும் எலும்பின் மேல் நிற்கிறது. எலும்பு இறங்கிவிட்டால் அதைத் தாங்க எதுவுமில்லை, அந்தக் குறுகலான இடத்தில் ஒட்டுக்கு ரத்தமும் போதாது. முழுதாக மூடுமா என்ற கேள்வியில் பக்கவாட்டு இழப்பைப் பற்றிச் சொன்னதற்கும் இதுதான் காரணம். பற்களின் வடிவத்தைப் பூச்சால் சற்று அகலப்படுத்தி இடைவெளியைக் குறைப்பது, கிளிப் போட்டு நெருக்குவது, இளஞ்சிவப்பு நிறப் பொருளால் மறைப்பது ஆகியவை நடைமுறையில் பலன் தருகின்றன.

கிளிப் போடப்போறேன். ஒட்டு முன்னாடியா, பின்னாடியா?

பல் எந்தத் திசையில் நகரப்போகிறது என்று கிளிப் போடும் மருத்துவரிடம் கேளுங்கள். மெல்லிய ஈறுள்ள கீழ் முன்பல்லை உதட்டுப் பக்கம் தள்ளப்போகிறார்கள் என்றால் முன்பே ஈறைத் தடிப்பாக்குவது பாதுகாப்பு. வெளியே நிற்கும் பல்லை உள்ளே கொண்டுவரப் போகிறார்கள் என்றால் பொறுத்திருங்கள். பல் வரிசைக்குள் வந்ததும் ஈறின் நிலை மேம்படக்கூடும், மூடுவதும் எளிதாகும். புதிதாகப் பல் முளைக்கும் சிறுவர்களின் கீழ் முன்பல்லில் தெரியும் இறக்கத்துக்கும் அவசரப்பட வேண்டாம். சுத்தமாக வைத்திருந்து கவனித்தால் வளர வளரச் சரியாகிவிடுவதுண்டு.

பண்ணின பிறகு மறுபடியும் இறங்குமா?

காரணம் திரும்பினால் இறங்கும். இல்லையென்றால் நன்றாகப் பிடித்த ஒட்டு பல வருடம் நிற்கும். முதல் சில மாதங்களில் ஒட்டு கொஞ்சம் சுருங்கும், மேல்தோலோடு வைத்த ஒட்டு கூடுதலாகவே சுருங்கும். அதைப் பார்த்துத் தோற்றுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். சிலருக்கு நேர்மாறாக, அடுத்த ஒரு வருடத்தில் ஈறு விளிம்பு தானாகவே பல்லை நோக்கி மெல்ல ஏறும், 1 மி.மீ. வரைகூட. எல்லோருக்கும் நடக்காது என்பதால் கணக்கில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் இறுதி அளவை ஒரு வருடத்துக்கு முன்பு நான் எழுதுவதில்லை.

ஒரு டாக்டர் உடனே பண்ணணும்கிறார், இன்னொருத்தர் தேவையே இல்லைங்கிறார். யாரை நம்பறது?

இருவரும் சரியாக இருக்கலாம், வெவ்வேறு விஷயத்துக்கு எடைகொடுக்கிறார்கள். உறுதியான ஈறு குறைந்தது 2 மி.மீ. அகலம் இருக்க வேண்டும் என்று 1972-இல் எழுதப்பட்டது. அதைவிடக் குறைவாக இருந்தும் சுத்தமாக வைத்துக்கொள்பவர்களுக்கு ஈறு வருடக்கணக்கில் நலமாக இருந்ததைப் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. ஒருவர் எண்ணைப் பார்த்து முன்னெச்சரிக்கையாகச் செய்யலாம் என்கிறார், மற்றவர் இறக்கம் நின்றிருப்பதைப் பார்த்துப் பொறுக்கலாம் என்கிறார். இருவரிடமும் அளவுகளை எழுதி வாங்குங்கள். எந்தப் பல், எத்தனை மி.மீ., பக்கவாட்டு நிலை, ஈறின் தடிமன், முந்தைய அளவோடு வித்தியாசம். அளக்காமலே தேதி கொடுப்பவரிடம் நான் என் பல்லைக் காட்ட மாட்டேன்.

எனக்கு எட்டுப் பல்லு இறங்கியிருக்கு. ஒரே தடவையில முடிச்சிட முடியாதா? அண்ணத்துலேருந்து எத்தனை முறை எடுக்கலாம்?

அடுத்தடுத்து இருக்கும் மூன்று நான்கு பற்களை ஒரே அமர்வில் செய்யலாம். எட்டும் ஒரே பக்கத்தில் இருக்க வாய்ப்பில்லை. எல்லாப் பக்கமும் ஒரே நாளில் செய்துவிட்டால் மெல்வதற்கு இடமே மிஞ்சாது. அண்ணம் 2 முதல் 4 வாரத்தில் மூடிவிடும், ஆனால் அடியில் திசு பழைய தடிமனுக்கு வரச் சில மாதங்கள் ஆகும். எடுத்த இடத்திலேயே மறுபடியும் எடுக்கலாம், அதற்குள் அவசரப்பட்டால் மெல்லிய பட்டைதான் கிடைக்கும். அதனால் இடது அண்ணத்தில் எடுத்து ஒரு பக்கம் முடித்து, தையல் பிரித்து, நன்றாக ஆறியபின் வலது அண்ணத்துக்குப் போவேன். எட்டில் எதற்கு உண்மையிலேயே தேவை என்று மேலே சொன்ன அளவுகளை வைத்துப் பார்த்தால், பட்டியல் பாதியாகச் சுருங்குவதும் உண்டு.